"இதை நீ விக்கலாமே, பிள்ளை"



வாடகை, விசா, பலஸ்தீனம், செம்மணி எண்டு எழுத இவ்வளவு கிடக்க, கையால் செய்யிற வாழ்த்து அட்டைகளைப் பற்றி எழுதப்போறன் எண்டு சொன்னவுடன் மடல் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்கும் இந்தக் கட்டுரையில் ஒரு இடம் வைத்திருக்கிறேன்.

நான் வாழ்த்து அட்டை செய்கிறவள். பழைய சீலைத் துண்டுகளில் சின்னப் பைகள், ஊசி குத்தி வைக்கிற குட்டித் தலையணை, புத்தகத்துக்கு நடுவில் வைக்கிற துணிப் பட்டி, ஆருக்கும் பிள்ளை பிறந்தால் ஃபெல்ற் துணியில் ஒரு யானை. ஆய்வுப் படிப்பில் மூன்றாவது வருசம் நடக்குது. எழுதுகிற அத்தியாயம் எதுவும் முடிகிறதாய் இல்லை. என்ர மேசையில் தொடங்கி முடிகிற ஒரே பொருள் இந்த யானைதான்.

இவற்றைப் பார்க்கிற எல்லாரும் சொல்கிற வசனம் ஒன்று இருக்கு. "வடிவா இருக்கு. இதை நீ விக்கலாமே, பிள்ளை." மாமிமார் சொல்லுவினம். யூனியில் கூடப் படிக்கிறவர்கள் எட்ஸி எண்டு கடையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவினம். எங்கட தோழர்கள் இன்னும் மரியாதையாய்க் கேட்பினம்: "அடுத்த நிதிசேகரிப்புக்கு ஒரு ஐம்பது செய்து தரேலுமோ?"

மூன்றும் எனக்கு ஒரே வசனமாய்த்தான் கேட்குது. அதில் மூன்றாவதுதான் கூடக் குத்துது, ஏனெண்டால் அதைச் சொல்கிறவர்கள் உழைப்பைப் பற்றி இரவிரவாய்க் கதைக்கிற ஆட்கள்.

கணக்கைப் பார்ப்பம். ஒரு சின்னப் பை. சீலையைக் கழுவி, இஸ்திரி போட்டு, வெட்டி, உள்துணி வைத்து, சிப் பொருத்தி, மூலை திருப்பி முடிக்க எனக்கு மூன்றரை மணித்தியாலம் பிடிக்கும். (சிப்புக்கு மட்டும் ஒரு மணித்தியாலம். கைதேர்ந்தவர்கள் பத்து நிமிசத்தில் பொருத்துவினம் எண்டு தெரியும்.) அவுஸ்திரேலியாவில் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஜூலை 1 முதல் மணித்தியாலத்துக்கு 24 டொலர் 95 சதம். அப்படியெண்டால் அந்தப் பைக்குள் 87 டொலருக்கு உழைப்பு இருக்கு. துணி, நூல், சிப் எல்லாம் வேற. எங்கட சனம் கூடுகிற மண்டபம் ஒன்றில் மேசை போட்டு அந்தப் பைக்கு என்ன விலை கேட்கலாம்? 12 டொலர். 15 எண்டால் "கடையில அஞ்சு டொலருக்குக் கிடக்கு" எண்டு திருப்பி வைத்துவிட்டுப் போவினம். 12ஐ மூன்றரையால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 3 டொலர் 43 சதம்.

ஒரு முதலாளி ஆருக்காவது இந்தச் சம்பளம் கொடுக்கிறார் எண்டு தெரிந்தால் நாங்கள் எல்லாரும் பதாகையோட அந்தக் கடை வாசலில் நிற்போம். நானே எனக்குக் கொடுத்தால் அதுக்குப் பெயர் சிறு தொழில்முனைவு. நல்ல காரியத்துக்கெண்டு ஒண்டும் வாங்காமல் செய்தால் அதுக்குப் பெயர் பங்களிப்பு.

எட்ஸியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டால் அந்தப் பெயர் இப்ப ஒரு அறிவுரை மாதிரி ஆகிவிட்டது. 2005இல் நியூயோர்க்கின் புரூக்ளினில், கையால் செய்கிறவர்கள் நேரே விற்கிற இடம் எண்டு தொடங்கினது. 2013இல் வெளித் தொழிற்சாலைகளிலும் செய்விக்கலாம் எண்டு விதியை மாற்றினார்கள். 2015இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2022 ஏப்ரலில் ஒவ்வொரு விற்பனையிலும் எடுக்கிற கட்டணத்தை 5 வீதத்திலிருந்து 6.5 வீதமாகக் கூட்டினார்கள். அந்த மாதம் 11ஆம் திகதி தொடக்கம் ஒரு கிழமைக்கு ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் தங்கட கடைகளை மூடி வைத்தார்கள். வேலைநிறுத்தம் எண்டே அதுக்குப் பெயர் வைத்தார்கள். "நீயே உன்ர முதலாளி" எண்டு சொல்லிக் கூட்டிவந்த இடத்தில், தாங்கள் தொழிலாளர்தான் எண்டு அவர்களுக்கு விளங்கின கிழமை அது. எனக்கு அந்தச் செய்தி நல்லாய்ப் பிடிச்சுது.

ஊசியும் நூலும் வைத்திருந்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்யிறது மெல்பேர்ணுக்குப் புதுசில்லை. 1882 டிசம்பரில் பீத் ஷீஸ் எண்ட ஆடை நிறுவனம் துண்டுக்குக் கொடுக்கிற கூலியைக் குறைத்தபோது, தைக்கிற பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அதில் பிறந்ததுதான் விக்ரோரியாவின் தையல் பெண்கள் சங்கம். அவுஸ்திரேலியாவில் பெண்களின் முதல் தொழிற்சங்கம் எண்டு வரலாற்றில் எழுதப்படுவது அது. அவர்களுடைய பிரச்சினைகளில் ஒன்றைக் கவனியுங்கோ. பகல் முழுக்கத் தொழிற்சாலையில் தைத்துவிட்டு, குறைந்த கூலியை ஈடுகட்ட, இரவுக்கும் ஒரு கட்டுத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். வீட்டில் தைத்த நேரத்தை ஆரும் எண்ணவில்லை. வீட்டுக்குள் ஒரு பெண் ஊசியோட இருந்தால் அது வேலை மாதிரித் தெரியிறதில்லை.

நூறு வருசத்துக்குப் பிறகும் அப்படித்தான். 1995இல் ஆடைத் தொழிலாளர் சங்கம் வீட்டிலிருந்து தைக்கிறவர்களைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் கராஜ்களிலும் படுக்கையறைகளிலும் மெசின் போட்டு, துண்டுக்கு இத்தனை சதம் எண்டு தைத்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த பெண்கள். 1996இல் தொழிற்சங்கமும் தேவாலயங்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து ஃபெயர்வெயார் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் தைக்கிறவரையும் வேலையாளாகவே கருத வேணும் எண்டு நாடு முழுவதுக்குமான சட்டம் வர 2012 ஆனது.

எங்கட வீட்டிலும் ஒரு மெசின் இருந்தது. அம்மா ஊரில் ரீச்சர். சிட்னிக்கு வந்து முதல் சில வருசம் துங்காபி வீட்டின் பின் அறையில் சேட்டுக் கொலர் தைத்தவ. வெள்ளிக்கிழமையில் ஒரு வான் வரும், கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டைப் போட்டுவிட்டுப் போகும். ஒரு கொலருக்கு எவ்வளவு எண்டு நான் பெரிய பிள்ளையான பிறகு கேட்டனான். அவ சொல்லேல்லை. வெட்கம் எண்டு நினைக்கிறன். வெட்கப்படவேண்டியவர் வேற ஆள். என்ர பைகளையும் யானைகளையும் பார்த்து "விக்கலாமே" எண்டு ஒருநாளும் சொல்லாத ஒரே ஆள் அம்மாதான். அவ சொல்கிறது ஒண்டுதான்: "இரவில கறுப்புத் துணி தைக்காத, கண் போகும்."

இப்ப சிரித்தவர்களிடம் வாறன். கலையும் கைவேலையும் வசதியான சனத்தின் பொழுதுபோக்கு, அரசியல் வேலைக்கு நடுவில் அதுக்கு நேரம் எங்கே எண்டது அந்தச் சிரிப்பின் பொருள். மெல்பேர்ணில் தொழிற்சங்கங்களின் ட்ரேட்ஸ் ஹோல் கட்டடத்துக்கு எதிரே, ரசல் தெருவும் விக்ரோரியா தெருவும் சந்திக்கிற மூலையில் ஒரு தூண் நிற்குது. உச்சியில் மூன்று 8. எங்கட கூட்டங்களுக்கு வாற எல்லாரும் அதைக் கடந்துதான் வாறனாங்கள். 1856 ஏப்ரல் 21ஆம் திகதி, மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைக் கட்டிக்கொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே போட்டுவிட்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். 8 மணித்தியாலம் உழைப்பு, 8 மணித்தியாலம் பொழுதுபோக்கு, 8 மணித்தியாலம் ஓய்வு. நடுவில் இருக்கிற எட்டைப் பாருங்கோ. அது நித்திரைக்குக் கேட்டதில்லை, நித்திரைக்கு வேற எட்டு இருக்கு. தாங்கள் விரும்பினதைச் செய்ய எண்டு கேட்டு எடுத்த எட்டு. அதை ஒரு சலுகை மாதிரிப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முதல், அந்தத் தூணைக் கட்டினவர்கள் அதை ஒரு கோரிக்கையாய் வைத்தார்கள் எண்டதை ஞாபகம் வைத்தால் நல்லது.

அந்த நடு எட்டு ஆம்பிளைகளுக்குத்தான் கிடைத்தது எண்டதும் உண்மை. கல்தச்சர் வீடு வந்தபோது சோறு ஆக்கி, கிழிந்த காற்சட்டையைத் தைத்து வைத்தவவுக்கு எத்தனை எட்டு? எங்கட பாசையிலேயே இது தெரியுது. பொழுதுபோக்கு எண்டால் பொழுதைப் போக்குவது, மிஞ்சின நேரத்தைக் கழிப்பது. பெண்கள் செய்தால் அதுக்குக் கைவேலை எண்டு பெயர். அந்தச் சொல்லுக்குள் வேலை இருக்கு, ஆனால் கூலி இல்லை, ஓய்வும் இல்லை. ஊரில் பெண்பிள்ளைக்குத் தையல் பழக்கினது அவளுடைய ஆசைக்கு எண்டு ஆரும் சொல்லமாட்டினம். கலியாணச் சந்தையில் ஒரு தகுதி. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பழைய சீலையும் வேட்டியும் சட்டையாகி, சட்டை தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படித் துணியாகினதுக்கும் பின்னால் அதே கை.

அதனாலதான் ஒரு பெண் தனக்குப் பிடித்ததைத் தைத்து, தனக்குப் பிடித்த ஆளுக்குச் சும்மா கொடுக்கிறதை நான் சின்ன விசயமாய் எடுக்கேல்லை. அம்மாவுக்குக் கிடைக்காத எட்டு எனக்குக் கிடைச்சிருக்கு. அதை மூன்று டொலர் 43 சதத்துக்கு விற்கச் சொன்னால் ஏன் விற்கவேணும்? ஆய்வு மாணவருக்குக் கிடைக்கிற உதவித்தொகை ஆகக் குறைந்த சம்பளத்தை விடக் குறைவு எண்டதால் ஆசை வராமல் இல்லை. வருது. ஆனால் அதுக்கு மருந்து உதவித்தொகையைக் கூட்டச் சொல்லிச் சங்கத்தில் சேர்வது.

சரி, எங்கட மேசைக்கு வருவம்.

சிட்னியிலோ மெல்பேர்ணிலோ தமிழ் நிகழ்வு எதுக்குப் போனாலும் மண்டப வாசலில் ஒரு மேசை இருக்கும். ஒரு பக்கம் றோல்ஸும் வடையும். மற்றப் பக்கம் பனையோலைப் பெட்டி, துணிப் பை, வாழ்த்து அட்டை. இவற்றைச் செய்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். நிகழ்வின் முடிவில் ஒலிவாங்கியைப் பிடித்து "இன்று இத்தனை டொலர் சேர்ந்தது" எண்டு அறிவிக்கிறவர் கிட்டத்தட்ட எப்பவும் ஒரு ஐயா. எத்தனை டொலர் எண்டது அறிவிக்கப்படும். எத்தனை மணித்தியாலம் எண்டது ஒருநாளும் அறிவிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை. இடதுசாரிகள் எண்டு சொல்லிக்கொள்கிற எங்கட மேசையும் இதில் வித்தியாசமில்லை, றோல்ஸ் மட்டும் மரக்கறி.

ஊரிலிருந்து வந்த பொருள் எண்டால் அதில் ஒரு சின்னத் துண்டு கட்டியிருக்கும்: போரில் கணவனை இழந்த பெண் செய்தது. வாங்குகிறவருக்கு அந்த ஒரு வசனத்தில் பொருளோட சேர்த்து நல்ல மனிதர் எண்ட உணர்வும் கிடைக்குது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெட்டிக்கு எவ்வளவு கிடைச்சது எண்டு மேசைக்குப் பின்னால் நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கோ. நான் கேட்ட இடங்களில் பதில் "முழுக் காசும் ஊருக்குத்தான் போகுது" எண்டதாய்த்தான் இருந்தது. ஊர் எண்டது ஒரு ஆளின் பெயர் இல்லையே. அவவின்ர துயரத்தை அட்டையில் எழுதலாம், அவவின்ர கூலியை எழுதக் கூச்சமாய் இருக்கு.

இதை வேற மாதிரியும் செய்யலாம் எண்டதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. இந்த விசயத்தில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற உதாரணம் அது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எங்கட கிழக்குக் கரையையும் முல்லைத்தீவையும் அடித்த அதே நாள் தமிழ்நாட்டுக் கரையையும் அடித்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லைச் சுற்றியிருந்த மீனவக் கிராமங்களில் பெண்கள் அதிர்ச்சியில் உறைந்துபோய் இருந்தார்கள். ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்துகிற உபாசனா எண்ட ஆடை வடிவமைப்பு நிலையம், அந்தப் பெண்களுக்கு உளவள உதவியோட கைக்கு ஒரு வேலையும் எண்டு 2005இல் தொடங்கினதுதான் சுனாமிகா. ஆடை தைத்து மிஞ்சின வெட்டுத் துண்டுகளைச் சுருட்டிக் கட்டிச் செய்கிற ஒரு குட்டிப் பொம்மை. விரல் நுனியில் வைக்கலாம், அவ்வளவு சின்னன். நூற்றுக்கணக்கான பெண்கள் அதைச் செய்யப் பழகினார்கள். செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. ஆனால் பொம்மை விற்பனைக்கு இல்லை. ஆருக்கும் அன்பளிப்பாகத்தான் போகும். வாங்கினவர் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம், அந்தக் காசில் அடுத்த பொம்மைக்கான கூலி. இப்படி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் உலகத்தைச் சுற்றிப் போயிருக்கு.

ஆரோவில் எண்ட இடத்தைப் பற்றி, அங்க ஆர் நிலம், ஆர் வீட்டு வேலை செய்கிறது எண்டு எனக்குக் கேள்விகள் கனக்க இருக்கு. அதை இன்னொரு மடலில் எழுதலாம். நன்கொடை குறைந்தால் வேலையும் குறையும் எண்ட பலவீனமும் இந்த முறைக்குள்ளேயே இருக்கு. ஆனால் அதன் கணக்கை மட்டும் எடுத்துப் பாருங்கோ. அங்கே செய்தவருக்குக் காசு கிடைக்குது, பெறுகிறவர் காசு கொடுக்கத் தேவையில்லை. எங்கட மேசையில் செய்தவருக்குக் காசு இல்லை, பெறுகிறவர் காசு கொடுக்கிறார். அப்படியே தலைகீழ். எது உழைப்பு, எது அன்பளிப்பு எண்டதை அந்தப் பொம்மை பிரித்து வைத்திருக்கு. நாங்கள் இரண்டையும் குழப்பி, உழைப்பை அன்பளிப்பாய் எடுத்து அன்பளிப்பை விற்கிறம்.

வாழ்த்து அட்டையின் வரலாற்றிலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு கிராமத்துக்கு யுனிசெஃப் உதவி போனது. அங்கே யிட்கா சம்கோவா எண்ட 7 வயதுப் பிள்ளை அதுக்கு நன்றியாய் ஒரு படம் கீறினாள். தாள் கிடைக்காதபடியால் கண்ணாடித் துண்டு ஒன்றில் கீறினாள். 1949இல் அதுதான் யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டை ஆனது. பிறகு உலகம் முழுக்க அட்டை விற்றுக் காசு சேர்த்தார்கள், அந்தக் காசில் நல்ல வேலைகள் நடந்தன, அதை நான் மறுக்கேல்லை. என்ர மனதில் நிற்கிறது அந்தக் கண்ணாடித் துண்டுதான். உதவி பெற்ற பிள்ளையிடமிருந்து வந்த நன்றி, அடுத்த உதவிக்கு விளம்பரமாகியது. ஊர்ப் பெட்டியில் கட்டியிருக்கிற துண்டுக்கும் அதுக்கும் தூரம் அதிகமில்லை.

கன்பராவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். (நியூ சவுத் வேல்ஸில் படித்த எங்களைப் பள்ளிக்கூடத்தில் எப்படியும் ஒருதரம் கூட்டிப்போவினம், ஆனால் இதைக் காட்டமாட்டினம்.) அங்கே தேசிய ஓவியக் காட்சியகத்தில் ராஜா குயில்ற் எண்ட ஒட்டுத்துணிப் போர்வை இருக்கு. 1841இல் ராஜா எண்ட கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஹோபாட்டுக்கு நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகள் பயணத்தில் தைத்தது. 2,815 துண்டுகள். துணியும் ஊசியும் கொடுத்தது எலிசபெத் ஃபிரை தொடக்கின சீமாட்டிகளின் குழு. தைத்து முடித்த போர்வையில் அந்தச் சீமாட்டிகளுக்கு நன்றி சொல்கிற வாசகத்தையும் கைதிகளே பூத்தையலில் தைத்திருக்கினம். ஆனால் எந்தத் துண்டை ஆர் தைத்தது எண்டதுக்கு அதில் ஒரு பெயரும் இல்லை. பழுதாகிவிடும் எண்டு அதை அடிக்கடி வெளியே எடுக்கமாட்டார்கள்.

அதே நகரத்தில் போர் நினைவகத்தில் சாங்கி குயில்ற்கள் இருக்கு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் தைத்தவை. ஆளுக்கு ஒரு துணிச் சதுரம் கொடுத்து, உன்னைப் பற்றி ஏதாவது அதில் தைத்து உன்ர பெயரையும் தை எண்டு கேட்டார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரம். ஆஸ்பத்திரியில் காயப்பட்டவர்களுக்கு எண்டு சொல்லித்தான் அனுப்பினார்கள். காவல்காரர் மறிக்காமல் இருக்க யப்பானியக் காயக்காரருக்கு எண்டும் ஒரு போர்வை தைத்தார்கள். வேற இடத்தில் அடைபட்டிருந்த கணவன்மார் அந்தச் சதுரங்களில் பெயரைப் பார்த்து, தன்ர மனுசி உயிரோட இருக்கிறா எண்டு அறிந்தார்கள்.

ஒரு போர்வையில் கொடுத்தவருக்கு நன்றி. மற்றதில் செய்தவரின் பெயர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் இருக்கிற ஒரு இனத்துக்கு, ஒரு துணித்துண்டில் ஒரு பெயர் வந்து சேர்வது எவ்வளவு பெரிய விசயம் எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எனக்கு வரப்போகிற எதிர்வாதம் தெரியும். ஊரில் காசு தேவைப்படுகிற பெண்கள் விற்காமல் என்ன செய்யிறது? விற்கட்டும். நல்ல விலைக்கு விற்கட்டும். ஒரு பெட்டி பின்ன எத்தனை மணித்தியாலம் எண்டு அவவைக் கேட்டு, விலையை அவ சொல்லி, காசை முதலில் கொடுத்து வாங்கி, அதுக்குப் பிறகு நாங்கள் இங்கே விற்றால் என்ன, சும்மா கொடுத்தால் என்ன, அது எங்கட பாடு. நட்டம் வந்தால் நட்டம் எங்கட. இப்போதைய ஒழுங்கில் விற்காத பெட்டியின் நட்டம் அவவின்ர தலையில்.

இன்னொரு எதிர்வாதம் எனக்கே எதிரானது. கைவேலைக்காரி எண்டு சொல்லிக்கொண்டு ஒவ்வொரு மாதமும் கடையில் எவ்வளவு வாங்கிக் குவிக்கிறன்? கைவேலைப் பொருள் எண்டால் இந்த நாட்டில் ஸ்பொட்லைட்தான். 2006இல் ஹவார்ட் அரசாங்கத்தின் வேலைச் சட்டம் வந்த சூட்டோட, காஃப்ஸ் ஹாபரில் இருந்த அதன் கடையில் புதிதாய்ச் சேர வந்தவருக்கு நீட்டின ஒப்பந்தம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மணித்தியாலத்துக்கு 2 சதம் கூட. அதுக்குப் பதிலாய் வாரஇறுதிக்கும் மேலதிக நேரத்துக்கும் கிடைக்கிற கூடுதல் கூலி இல்லை. கிழமைக்கு 90 டொலர் வரை இழப்பு வரும் எண்டு நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அந்தச் சட்டமும் போய் அந்த அரசாங்கமும் போனது. எண்டாலும் அலுமாரி நிறைய மினுக்குத் தாளும் ஸ்ரிக்கரும் ரிபனும் அடுக்கி வைத்துக்கொண்டு "நான் கையால் செய்யிறன்" எண்டு சொல்கிறதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது இன்னொருவர் தொழிற்சாலையில் கையால் செய்ததை நான் ஒட்டுறது. பழைய சீலை இருக்கு, கிழிந்த சேட்டில் தெறி இருக்கு, கலியாண அழைப்பிதழ்கள் வீடு வீடாய்க் குவிந்திருக்கு. அழைப்பிதழின் உள்பக்கம் நல்ல தடித்த தாள். பாதியாய் வெட்டி, கரண்டிக் காம்பால் மடிப்பை அழுத்தினால் கடையில் வாங்கின அட்டையை விட நேராய் மடியும். மேலே பிள்ளையார் இருந்தால் அவரையும் விட்டு வைக்கலாம், சில தோழர்களுக்கு அது ஒரு நல்ல கேலி.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? இந்த வருசம் எங்கட மேசையில் கையால் செய்த பொருள் எதுக்கும் பக்கத்தில் மணித்தியாலத்தை எழுதி வைப்பம். விலையை எழுதாட்டிலும் பரவாயில்லை. "இந்தப் பை: மூன்றரை மணித்தியாலம்." வாங்குகிறவர் மனதுக்குள் கணக்குப் போடட்டும். வடைக்கும் எழுதலாம், உழுந்து ஊறவைத்த நேரத்தை விட்டுவிட்டு. முடிவில் ஒலிவாங்கியைப் பிடிக்கிறவர் டொலரோட சேர்த்து மணித்தியாலத்தையும் வாசிக்கட்டும். செய்தவர்களின் பெயர்களையும், அவர்கள் சம்மதித்தால்.

"ஐம்பது செய்து தரேலுமோ" எண்டு இனி ஒரு ஆளைக் கேட்கிறதில்லை எண்டு தீர்மானிப்பம். ஐம்பது வேணுமெண்டால் இருபத்தைந்து பேர் ஆளுக்கு இரண்டு செய்வம். ஆம்பிளைத் தோழர்களும்தான். நூல் கோர்க்கத் தெரியாது எண்டு சொல்கிற தோழர் மூலதனத்தின் முதலாம் பாகத்தை வாசித்து முடித்தவர். ஊசித் துளை அதை விடக் கஷ்டமில்லை. அந்தப் புத்தகத்தில் லினன் துணியும் கோட்டும் எத்தனை பக்கத்துக்கு வருது எண்டு அவருக்குத்தான் நல்லாய்த் தெரியும்.

அப்படிச் செய்கிற ஐம்பதும் விற்பனைக்கு வேண்டாம் எண்டது என்ர ஆசை. வில்லவூட்டிலும் மெல்பேர்ணில் புரோட்மெடோஸ் தடுப்பிலும் எங்கட ஆட்களை வருசக்கணக்கில் அடைத்து வைத்திருந்ததை நாங்கள் மறக்கேல்லை. வெளியே வந்தும் நிரந்தர விசா இல்லாமல் பன்னிரண்டு, பதின்மூன்று வருசமாய்க் காத்திருக்கிறவர்கள் எங்கட தெருக்களிலேயே இருக்கினம். அவர்களுக்கு நாங்கள் மனு எழுதியிருக்கிறம், ஊர்வலம் போயிருக்கிறம், சாப்பாட்டுப் பொதி கொடுத்திருக்கிறம். பிறந்தநாளுக்கு ஒரு அட்டை கொடுத்ததில்லை. பொதியை வாங்குகிறபோது ஒரு ஆள் குனிந்துதான் வாங்குறார். அட்டைக்கு அவர் திருப்பி ஒரு அட்டை தரலாம், தராமலும் விடலாம். எங்களோட வந்திருந்து தானும் தைக்கலாம்.

முதல் இருப்பை அடுத்த மாதக் கூட்டத்துக்கு முதல் ஒரு மணித்தியாலம் வைப்பம். துணி என்னட்டை இருக்கு, நூலும் ஊசியும் இருக்கு. உங்கட வீட்டில் கிடக்கிற கலியாண அழைப்பிதழ்களைக் கொண்டு வாங்கோ. கத்தரிக்கோல் ஆளுக்கொன்று கொண்டு வாங்கோ. என்ர துணிக் கத்தரிக்கோலால் தாள் வெட்ட ஒருவரையும் விடமாட்டன், பொதுவுடைமை வேற விசயம்.